இரைப்பலகை

வீசைக்கு மூன்றணா.
ஆட்டு மயிரென்றால் நாலரை.
மனுஷ மயிர் வழுக்கும், தாரில் பிடித்து நிற்காது என்று
கணக்குப்பிள்ளை மீராகனி குறைத்தே எழுதுவார்.
நான் வாதாடுவதில்லை.
கூட்டித் தள்ளுகிற குப்பைக்குக் காசு தருகிற ஊர்
நானறிந்து மோல்மேன் ஒன்றுதான்.

சால்வின் வற்றும் நேரம்.
சேற்றில் முட்டுக்கொடுத்து நிற்கிறது ரெபேக்கா.
ஏரா தேக்கு, வங்குக்கால் தேக்கு,
பக்கமெல்லாம் தேக்கு:
யானை தள்ளி, ஆறு சுமந்து வந்தது.
அதற்கும் மேலே,
அடியிலிருந்து நீர்க்கோடு வரைக்கும்
விரற்கடை கனத்தில்
அடுப்புக்குக்கூட ஆகாத மாம்பலகை.

இது எதற்கு என்று முதல்நாள் கேட்டேன்.
சவரிராயன் வாய் நிறைய ஆணி.
ஒவ்வொன்றாய் எடுத்து அறைந்து முடித்துவிட்டுச்
சொன்னார்:
"தின்ன."

செம்புத் தகடு அடிக்கத் துரைக்கு மனமில்லை.
புழு வரும். வராமல் இராது.
கடுகளவாய் நுழைந்து
உள்ளேயே கொழுத்து முழநீளம் ஆகும்.
வாசலிலேயே இலை போட்டுவிட்டால்
வந்தவன் அடுக்களையை எட்டிப் பார்க்கமாட்டான்.
மாம்பலகையைத் தின்று முடித்துத்
தேக்கில் வாய்வைக்கப் போகும்போது
நடுவில் தாரும் மயிரும்.
சோற்றில் மயிர் கிடந்தால் நாம் எழுந்துவிடுவதில்லையா,
அதுவும் அப்படித்தான் என்றார்.

அறுப்பு ஆலைக் கூலிகளின் தலை.
பேன் பிடித்த சிப்பாய்களின் தலை.
சிறையிலிருந்து மாதம் ஒரு சாக்கு:
திரும்பிப் போகக்கூடாது என்று
தீர்ப்பு எழுதப்பட்டவர்களுடையது.
எல்லாவற்றையும் கன்யின் எண்ணெயில் பிசைந்து
தாரோடு அப்பினோம்.
அடுத்த பௌர்ணமிக்கு ரெபேக்கா
நாகப்பட்டினம் புறப்பட்டது.

புறப்படுவதற்கு நாலு நாள் முன்னால்
காத்தமுத்து வந்தான்.
வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்ட முடி,
ஆறு வருஷமாய் வளர்ந்து இடுப்பைத் தொட்டது.
ஊர்போக மேஸ்திரி விடமாட்டான், கடன்.
"இங்கேயே எடுத்துடு.
அணியத்துப் பலகைக்குள்ளே வெச்சுடச் சொல்லு,
முன்னாடி போகட்டும்."
எடுத்தேன்.
சவரிராயன் சிரிக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு
அணியத்தில், இடப்பக்கம், மூன்றாம் பலகைக்கடியில்
அவரே வைத்து அறைந்தார்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது,
யாரிடமும் சொன்னதில்லை.
அந்த முடியையும் தராசில் போட்டேன்.
ஏழு பலம்.
காசு வாங்கினேன்.

இரண்டு வருஷம் கழித்துத் தை மாதம்
ரெபேக்கா பழைய சேற்றுக்கே வந்தது.
மாம்பலகையைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள்.
பலகை இல்லை அது, தேன்கூடு;
கையில் எடுத்தால் இடியாப்பமாய் உதிர்ந்தது.
தேக்கில் ஒரு துளை இல்லை.
பெயர்த்த இடமெல்லாம் மயிர்,
கறுப்பாய், ஈரமாய், ஒட்டினது ஒட்டினபடி.
சுரண்டிக் குவித்துக் கொளுத்தினார்கள்.
அந்த நாற்றம் குன்றின்மேல் பகோடா வரைக்கும் ஏறிற்று.

காத்தமுத்து ஓடிவந்தான்.
மூன்றாம் பலகை போன இடத்தைத் தடவிப் பார்த்தான்.
மாலுமி ஒருவனைப் பிடித்துக் கேட்டான்:
நாகப்பட்டினத்தில் எங்கே கட்டினீர்கள்?
"எங்கே கட்ட? கரைக்கு மூணு கல் இந்தப் பக்கம்
நங்கூரம் போட்டோம்.
சரக்கெல்லாம் படகிலே போச்சு.
கப்பல் எப்படித் தரைக்குப் போகும்?"

கொஞ்சநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
"மூணு கல்லுதானே," என்றான்.
"மணிச்சத்தம் கேட்டிருக்கும்."
எனக்குத் தெரியும், கேட்டிருக்காது.
கோயில் உள்நாட்டில், ஒருநாள் நடை.
சொல்லவில்லை.

அவன் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தான்.
இரண்டு வருஷத்து முடி, தோள்வரை.
தண்ணீர் தெளித்துக் கத்தியைத் தீட்டினேன்.
பக்கத்தில் சவரிராயன்
புது மாம்பலகையை இழைத்துக்கொண்டிருந்தார்,
அடுத்த புழுவுக்கு.

சாயங்காலம் சாக்கை நிறுத்த மீராகனி
தட்டைத் தட்டிப் பார்த்தார்.
"இத்தனை தலை எழுதியிருக்கே,
மூணு பலம் குறையுதேப்பா?"

காற்று, என்றேன்.